கண்ணுக்குக் கீழே ஓர் ஊசி

தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்கள் நெருங்கினால் சென்னைப் புறநகரான பெருங்களத்தூரில் இருக்கும் ஒரு கண் மருத்துவரின் கிளினிக்கில் ஒரு கேள்வி அடிக்கடி கேட்கும். கண் எரிச்சல், தலைவலி, கண்ணாடி பவர் மாற்றம் என்று எதையாவது சொல்லித்தான் வருவார்கள். பரிசோதனை முடிந்து எழுந்திருக்கும்போதுதான் வந்த காரணம் வெளியே வரும்.

“மேடம், இன்னும் மூணு வாரத்துல கல்யாணம். கண்ணுக்குக் கீழ இந்தக் குழியை மட்டும் ஊசி போட்டு நிரப்பிடலாம்னு சொல்றாங்க. போட்டுக்கலாமா?”

கேட்பவர் தாம்பரம் சானடோரியம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் ஷிஃப்ட் முறையில் வேலை பார்க்கும் பெண்ணாக இருக்கலாம். முடிச்சூரிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்குத் தினமும் கம்பெனி வண்டியில் போய்வரும் இளைஞராகவும் இருக்கலாம். மாப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். கூட வந்திருக்கும் அம்மா, “ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் போனைப் பார்த்தா குழி விழாம என்ன பண்ணும் டாக்டரம்மா?” என்று இடையில் ஒரு வார்த்தை சொல்வார். மருத்துவர் இருவரையும் மறுபடி உட்காரச் சொல்வார். அந்தக் கேள்விக்கு நின்றபடி பதில் சொல்ல அவருக்கு மனம் வருவதில்லை.

ஃபில்லர் என்று எல்லோரும் சொல்லும் அந்த ஜெல் அவருக்குப் புதியதல்ல. பெரும்பாலான ஃபில்லர்களில் இருப்பது ஹயலுரானிக் அமிலம். அது முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டதே கண்ணிலிருந்துதான். 1934இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கார்ல் மேயர், ஜான் பால்மர் என்ற இருவர் மாட்டுக் கண்ணின் உள்ளே இருக்கும் கூழ்மத்திலிருந்து அதைப் பிரித்தார்கள். பிற்பாடு ஹங்கேரியில் பிறந்த எண்ட்ரே பாலாஸ் சேவல் கொண்டையிலிருந்து அதைத் தூய்மையாக எடுக்கும் வழியைக் கண்டார். அதிலிருந்து செய்த கண் அறுவை மருந்து 1980 வாக்கில் பயன்பாட்டுக்கு வந்தது. கண்புரை அறுவையில் லென்ஸை வைக்கும்போது, கருவிழியின் உட்புறச் செல்கள் உரசிக் கெடாமலிருக்க அந்தக் கூழைத்தான் உள்ளே செலுத்துகிறார்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் மேற்படிப்புப் படித்த காலத்திலிருந்து அந்த மருத்துவர் கையாண்டுவரும் பொருள் அது. 1819இல் தொடங்கிய அந்த மருத்துவமனை, லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடியாக உலகிலேயே பழமையான கண் மருத்துவமனை.

அதனால் அவர் ஃபில்லரை விஷம் என்று ஒருபோதும் சொல்வதில்லை. எந்த இடத்தில், யார் கையால், எவ்வளவு அழுத்தத்தில் போகிறது என்பதுதான் அவருடைய கவலை. கண்புரை அறுவையில் போடும் கூழை வேலை முடிந்ததும் உறிஞ்சி வெளியே எடுத்துவிடுவார்கள். ஃபில்லரோ உள்ளேயே தங்க வேண்டும் என்பதற்காக வேதிப் பிணைப்புகளால் இறுக்கப்பட்டது. ஓர் ஆண்டில் கரைந்துவிடும் என்று சொல்லி விற்கிறார்கள். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், கன்னப் பகுதியில் போட்ட ஃபில்லர் பல ஆண்டுகள் கழித்தும் அங்கேயே இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள்.

கண்ணைச் சுற்றிய இடத்தில் என்ன தனி ஆபத்து? கன்னம், மூக்கு, உதடு ஆகியவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் நாளங்கள் கழுத்தின் வெளித் தமனியிலிருந்து வருகின்றன. கண்ணுக்கும் மூளைக்கும் போகும் நாளங்கள் உள் தமனியிலிருந்து வருகின்றன. இந்த இரண்டு வழிகளும் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும் இடங்கள் கண்ணின் உள் ஓரம், மூக்கின் மேல் பகுதி, புருவங்களுக்கு நடுவே, நெற்றி. ஊசி முனை தவறி ஒரு நாளத்துக்குள் நுழைந்து, சிரிஞ்சை அழுத்தும் விசை ரத்த அழுத்தத்தைத் தாண்டிவிட்டால் ஜெல் ரத்த ஓட்டத்துக்கு எதிராகப் பின்னோக்கி ஏறும். தெருக் குழாயில் ஒரு வீட்டார் மோட்டார் போட்டதும் பக்கத்து வீட்டு இணைப்பில் தண்ணீர் திசை மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அழுத்துவதை நிறுத்தியதும் ரத்தம் அந்த ஜெல்லை மறுபடி முன்னே தள்ளும். இப்போது அது போவது வந்த வழியில் அல்ல. விழித்திரைக்குப் போகும் மெல்லிய தமனிக்குள். அங்கே அடைத்துக்கொண்டால் பார்வை அந்த நொடியிலேயே போகும். சிலருக்கு மூளை நாளமும் அடைபட்டுப் பக்கவாதம் வந்திருக்கிறது.

இதற்கு எவ்வளவு ஜெல் தேவை என்பதை 2017இல் ஓர் ஆய்வுக் குழு உடற்கூற்று முறையில் அளந்தது. புருவ நடுவிலிருந்து கண் தமனி வரை அந்த நாளத்தை நிரப்ப சராசரியாக 0.085 மில்லிலிட்டர் போதும். ஒரு சிரிஞ்சில் 1 மில்லிலிட்டர் இருக்கும். அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். மேசையில் இருக்கும் 1 மில்லி சிரிஞ்சைக் கையில் கொடுத்து அந்தக் கோட்டைக் காட்டுவது இந்த மருத்துவரின் வழக்கம். அதற்கு மேல் விளக்கம் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

இப்படி ஒரு பார்வையிழப்பு முதலில் பதிவானது இன்று நேற்றல்ல. 1899இல் வியன்னாவின் ராபர்ட் கெர்சுனி வாசலினை ஊசி மூலம் உடலுக்குள் செலுத்திக் காட்டிய பிறகு, மூக்கைத் திருத்துவதற்குப் பாரஃபின் மெழுகை ஏற்றும் பழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவியது. 1903லேயே மூக்கில் பாரஃபின் போட்டுப் பார்வை போன ஒருவரைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். 1963இல் தலைத்தோலில் ஸ்டீராய்டு ஊசி போட்டு, மருந்துத் துகள்கள் விழித்திரையில் போய் அடைத்ததை ஸ்வீடனின் ஃபான் பார் பதிவு செய்தார். 1988இல், உடலிலிருந்து எடுத்த கொழுப்பை முகத்தில் போட்டதால் பார்வையிழந்த செய்தி வந்தது. பொருள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. அடைக்கும் வழி ஒன்றுதான்.

கனடாவின் கேட்டி பெலஸ்னே குழுவினர் உலக மருத்துவ இதழ்களைத் துழாவி 2015இல் 98 பார்வையிழப்புச் சம்பவங்களைத் தொகுத்தார்கள். 2018 செப்டம்பர் வரையிலான அடுத்த மூன்றே முக்கால் ஆண்டுகளில் மேலும் 48 சேர்ந்தன. முதல் தொகுப்பில் புருவ நடுப்பகுதி முன்னால் நின்றது; இரண்டாவதில் மூக்கு முந்திக்கொண்டது. முதல் தொகுப்பில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் போடப்பட்டது அவரவர் உடற்கொழுப்பு. இரண்டாவதில் பத்தில் எட்டுப் பேருக்குப் போடப்பட்டது ஹயலுரானிக் அமிலம். தென்கொரியாவில் விழித்திரை மருத்துவர் சங்கம் நடத்திய தேசிய கணக்கெடுப்பு மட்டுமே 44 பேரைப் பதிவு செய்தது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015 மே மாதத்தில் பொது எச்சரிக்கையே விடுத்தது. இவையெல்லாம் இதழ்களுக்கு எழுதப்பட்டவை மட்டும். எழுதப்படாமல் போனவற்றைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடும் என்பதில் இந்த மருத்துவருக்குச் சந்தேகமே இல்லை.

எண்ணிக்கையைப் பார்த்தால் அபூர்வம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அபூர்வம்தான். 2021இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், தேர்ந்த தோல் மருத்துவர்கள் கூர்மையான ஊசியால் போட்டபோது 6,410 சிரிஞ்சுக்கு ஒருமுறை ஏதாவதொரு ரத்தநாளம் அடைபட்டது. முனை மழுங்கிய கேனுலாவால் போட்டபோது 40,882க்கு ஒருமுறை. இந்த அடைப்புகளில் பெரும்பாலானவை தோலோடு நின்றவை; கண் வரை போனவை அல்ல. ஆனால் அது பல ஆண்டு பயிற்சி பெற்றவர்களின் கணக்கு. முகத்தின் ரத்தநாளப் படத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர் கையில் அந்தக் கணக்கு எப்படி மாறும் என்று யாரும் அளந்து சொல்லவில்லை.

ஃபில்லரால் பார்வை போன ஒருவர் இந்த மருத்துவரிடம் இதுவரை வந்ததில்லை. அதே பார்வையிழப்பை அவர் வேறு காரணங்களால் நிறையப் பார்த்திருக்கிறார். எழும்பூரில் இரவுப் பணியின்போது சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ள பெரியவர்கள், “காலையில எழுந்தேன், ஒரு கண்ணு இருட்டா இருக்குதும்மா” என்று வருவார்கள். உள்ளே பார்த்தால் விழித்திரை முழுக்க வெளிறிப் போய், நடுவில் மட்டும் செர்ரிப் பழ நிறத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். ரத்தக் கட்டியால் தமனி அடைபட்டதற்கான அடையாளம் அது. கண்ணைப் பிசைந்துவிடுவது, கண் அழுத்தத்தைக் குறைக்க மாத்திரையும் சொட்டு மருந்தும், கண்ணின் முன்னறையிலிருந்து கொஞ்சம் நீரை எடுப்பது என்று எல்லாம் செய்வார்கள். பார்வை திரும்பியவர்கள் மிகச் சிலர். மற்றவர்களிடம் அதைச் சொல்லும் பொறுப்பு பயிற்சி மருத்துவர்களுக்கு வரும். இருபத்தைந்து வயதில் அந்த வார்த்தையைச் சொல்லப் பழகியவர், அதே வயதுப் பெண் கண்ணுக்குக் கீழே ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று சிரித்தபடி கேட்கும்போது அந்தச் சிவப்புப் புள்ளியை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

விழித்திரை ரத்தமில்லாமல் எவ்வளவு நேரம் தாங்கும்? பஞ்சாபில் பிறந்து அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சோஹன் சிங் ஹேரே தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்தக் கேள்விக்கே கொடுத்தார். குரங்குகளில் அவர் செய்த ஆய்வுப்படி, 97 நிமிடம் வரை தமனி அடைபட்டிருந்து திறந்தால் நிலையான சேதம் தெரியவில்லை. 240 நிமிடம் ஆனால் ஏறக்குறைய மொத்தமும் போய்விடும். அடைப்பு முழுமையாக இருந்தால் பதினைந்து நிமிடத்துக்குள்ளேயே சேதம் தொடங்கிவிடும் என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். பேச்சுக்கு ஒன்றரை மணி நேரம் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த ஒன்றரை மணி நேரத்தைப் பெருங்களத்தூரிலிருந்து கணக்குப் போட்டால் நிலைமை விளங்கும். ஊசி போட்ட இடத்தில் ஏதோ தவறு என்று புரியவே பத்து நிமிடம். “கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுங்க, சரியாயிடும்” என்று அரை மணி நேரம். பிறகு ஆட்டோவோ காரோ பிடித்து ஜி.எஸ்.டி. சாலையில் ஏறினால் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டி எழும்பூரோ நுங்கம்பாக்கமோ போய்ச் சேர வேண்டும். பேருந்து நிலையம் கிளாம்பாக்கத்துக்குப் போன பிறகும் மாலை நேரத்தில் இந்தச் சாலை எப்படி இருக்கும் என்று இங்கே வசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மின்சார ரயிலே ஏறக்குறைய ஒரு மணி நேரம் எடுக்கும். போய்ச் சேர்ந்து, சீட்டு போட்டு, விவரம் சொல்லி, மருத்துவர் வந்து பார்க்கும்போது அந்த ஒன்றரை மணி நேரம் முடிந்திருக்கும். ஆகவே காப்பாற்றும் முதல் வேலை ஊசி போட்ட அதே நாற்காலியில் தொடங்க வேண்டும் என்று இந்த மருத்துவர் திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

அந்த முதல் வேலைக்கு ஒரு மருந்து இருக்கிறது. ஹயலுரானிடேஸ். ஹயலுரானிக் அமிலத்தைக் கரைக்கும் நொதி. இதுவும் கண் மருத்துவர்களுக்குப் பழக்கமானதே. அறுவைக்கு முன் கண்ணைச் சுற்றிப் போடும் மரப்பு ஊசி சீராகப் பரவுவதற்கு அதைக் கலப்பார்கள். 1500 யூனிட் குப்பி எளிதாகக் கிடைக்கக்கூடியது, விலையும் பெரிதல்ல. தோலில் ரத்தம் தடைபட்டு வெளுத்தோ, ஊதா நிற வலைபோலத் திட்டுத் திட்டாகவோ மாறினால், உடனே அதை நிறையப் போட்டுத் தோலைப் பல நேரங்களில் காப்பாற்றிவிடலாம். பார்வையே போய்விட்டால் கண்ணுக்குப் பின்னால் அதைச் செலுத்துவதற்குப் பலன் உண்டா என்பதில் மருத்துவ உலகம் இன்னும் ஒருமனதாக இல்லை. சிலருக்குப் பார்வை திரும்பியிருக்கிறது, பலருக்கு இல்லை. போட்டது ஹயலுரானிக் அமிலமாக இல்லாமல் கால்சியம் ஃபில்லராகவோ சிலிக்கானாகவோ உடற்கொழுப்பாகவோ இருந்தால் இந்த மருந்தால் பயனே இல்லை.

அவர் அடிக்கடி பார்க்கும் தொல்லைகள் வேறு. கண்ணுக்குக் கீழே தோல் உடலிலேயே மிக மெல்லியது. ஜெல்லை மேலாகப் போட்டுவிட்டால் ஒளி சிதறி அந்த இடம் நீலம் பாய்ந்ததுபோல் தெரியும். கருவளையத்தை மறைக்கப் போனவர்கள் நீலவளையத்தோடு திரும்பி வருவார்கள். ஜெல் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் தன்மை கொண்டது. காலையில் எழுந்தால் கீழ் இமை பை கட்டி நிற்கும். மாதங்கள் கழித்து, ஏன், ஆண்டுகள் கழித்தும்கூட, பல்லில் சீழ் பிடித்தாலோ சைனஸ் தொற்று வந்தாலோ அந்த இடம் திடீரென்று சிவந்து கட்டியாகும். 2020 டிசம்பரில் மாடர்னா கோவிட் தடுப்பூசிச் சோதனையில், முகத்தில் ஃபில்லர் போட்டிருந்த ஒரு சிலருக்கு முகம் வீங்கியதும் இந்த வகைதான்.

ஒருமுறை முப்பது வயதை ஒட்டிய ஒரு பெண், இரண்டு இமைகளும் வீங்கி, வலது பக்கம் கையில் தட்டுப்படும் உருண்டையோடு வந்தார். பார்லரில் போட்டது.

“என்ன மருந்து போட்டாங்கம்மா?”

“தெரியல மேடம். கொரியா ஜெல்னு சொன்னாங்க.”

“பெட்டி, ஸ்டிக்கர், பில் ஏதாவது குடுத்தாங்களா?”

எதுவும் இல்லை. என்ன பொருள் என்று தெரியாமல் எதை வைத்துக் கரைப்பது? ஹயலுரானிடேஸ் போட்டுப் பார்த்ததில் வீக்கம் பாதி இறங்கியது. உருண்டை அப்படியே இருந்தது. கண் உறுப்புச் சீரமைப்பு நிபுணரிடம் அனுப்பிவைத்தார். அந்தப் பெண்ணின் கணவருக்கு ஊசி போட்ட விஷயமே தெரியாது. தூசு அலர்ஜி என்று வீட்டில் சொல்லியிருந்தார். வலியைவிட அந்த ரகசியம்தான் அவரை வாட்டியது. பார்லருக்குப் போய்க் கேட்கவும் கூச்சம், புகார் கொடுக்கவும் பயம். இப்படித்தான் பல பாதிப்புகள் கணக்கில் வராமலே போகின்றன.

ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் ஜெல்லைத் தோலுக்குள் செலுத்தும் பேனா போன்ற கருவி ஒன்றும் இணையத்தில் விற்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2021 அக்டோபரில் எச்சரித்தது. அதே மாதம் இங்கிலாந்தில் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு அழகுக்காக ஃபில்லர் போடுவது சட்டப்படி குற்றமானது. இந்தியாவில் தேசிய மருத்துவ ஆணையம் 2022 செப்டம்பரில் அழகு சிகிச்சைகள், முடி நடுதல் பற்றிய வழிகாட்டுதலில், பயிலரங்கிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்றது போதிய பயிற்சியாகாது என்று சொன்னது. தமிழ்நாட்டில் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதற்கான விதிகள் 2018இல் வந்தன. கிளினிக் என்று பலகை வைத்தால் பதிவுச் சான்று இருக்க வேண்டும். 2024 ஏப்ரலில், இங்கிருந்து அதிகத் தூரமில்லாத பம்மலில், உடல் பருமனைக் குறைக்கும் அறுவைக்குச் சேர்ந்த புதுச்சேரி இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். சுகாதாரத் துறை விசாரணையில் இறங்கியது. இங்குள்ளவர்கள் சில மாதம் அதைப் பேசினார்கள். அழகு சிகிச்சைக்குப் போகும் முன் பதிவுச் சான்றைக் கேட்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை என்பது மருத்துவரின் ஆதங்கம்.

குழி என்று வருகிறவர்களில் பலருக்கு இருப்பது குழியே அல்ல, தோலின் கருமை. நம் ஊர்த் தோலுக்கு அது பரம்பரையாகவும் வரும். தூசு அலர்ஜியில் கண்ணைக் கசக்கிக் கசக்கியும் வரும். தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. ரத்தசோகையில் முகம் வெளிறும்போது கருவளையம் இன்னும் எடுப்பாகத் தெரியும். இவை எதையும் ஜெல் மாற்றாது. அதனால் அவர் முதலில் எழுதிக்கொடுப்பது ஹீமோகுளோபின் பரிசோதனை, அலர்ஜிக்குச் சொட்டு மருந்து, கண்ணைக் கசக்காதே என்ற கண்டிப்பு. மணப்பெண்களில் சிலர் ஏமாற்றத்தோடு போவார்கள். சிலர் திருமணம் முடிந்து போட்டோ ஆல்பத்தோடு வந்து காட்டுவார்கள்.

உண்மையிலேயே எலும்போரம் பள்ளமாக இருந்து, போட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்று முடிவெடுப்பவர்களை அவர் தடுப்பதில்லை. அமெரிக்காவில் ஒரு ஹயலுரானிக் ஃபில்லருக்குக் கண்ணுக்குக் கீழே போடுவதற்கான முதல் அனுமதியே 2022இல்தான் வந்தது என்பதைச் சொல்வார். அந்த இடத்தில் எவ்வளவு தயக்கம் இருந்திருக்கிறது என்பது அதிலேயே தெரியும். முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது வேண்டவே வேண்டாம் என்பார். தோல் மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜன், கண் உறுப்புச் சீரமைப்பு நிபுணர் ஆகியோரில் இந்தப் பகுதியில் பயிற்சி பெற்றவரிடம் மட்டும் போங்கள். அவருடைய பதிவு எண்ணைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்பார். ஊசிக்கு முன் இரண்டு கண்ணின் பார்வையையும் அளந்து எழுதச் சொல்லுங்கள், சிரிஞ்சின் பெட்டியிலுள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள் என்பார். ஊசியின்போதோ அதன் பிறகோ கண்ணில் கடும் வலி, பார்வை மங்கல், இமை தொங்குதல், தோல் வெளுத்தல், பேச்சுக் குழறல் இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்கக் கூடாது.

போடுபவரிடம் ஒரு கேள்வி மட்டும் தவறாமல் கேளுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்புகிறார்: “ஹயலுரானிடேஸ் இங்கே இருக்கிறதா? காட்டுவீர்களா?” குப்பியை எடுத்துக் காட்டத் தெரியாத இடத்தில் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள், முன்பணம் கட்டியிருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.